ஏடிஸ், கியூலெக்ஸ் பூல்களில் ஃபிளேவி வரிசைகள்: வைரஸா, கொசுவின் ஜீனோமா? எப்படி உறுதிசெய்வது?

பூல்12 கேட்டது:

மாதிரி விவரம் முதலில் (பூல் என்பது சேர்த்து அரைத்த கொசுத் தொகுப்பு, ஃபிளேவி என்பது டெங்கு சார்ந்த வைரஸ் குடும்பம்). உலர்பனி வைத்த விளக்குப் பொறியில் பிடித்த பெண் கொசுக்கள். இரத்தம் குடித்தவற்றை ஒதுக்கி, குளிர்தட்டில் இனம் பிரித்து, பூலுக்கு 25 கொசு. மைனஸ் 80-ல் சேமிப்பு. மொத்த ஆர்என்ஏ எடுத்து, மனிதன்/எலிக்கான கிட்டால் ரைபோசோம் ஆர்என்ஏவைக் கழித்து, பூலுக்கு 3 கோடி ரீடு (கருவி படித்த துணுக்கு), 150 எழுத்து இணை ரீடுகள். அப்படியும் பாதிக்கு மேல் கொசுவின் ரைபோசோம் ஆர்என்ஏதான். மெகாஹிட் மென்பொருளில் கோத்து (கோத்த நீள்வரிசைதான் கான்டிக்), டயமண்ட் மென்பொருளில் புரத ஒப்பீடு செய்ததில் கிடைத்தவை:

அ) ஏடிஸ் பூலில் 1,900 எழுத்து கான்டிக். ஏடிஸில் வாழும் ஃபிளேவியான செல் ஃப்யூசிங் ஏஜென்ட் வைரஸின் என்எஸ்3 புரதப் பகுதியோடு ஒத்துப்போகிறது. நடுவில் இரண்டு ஸ்டாப் கோடான் (புரதத்தை நிறுத்தும் குறி).
ஆ) கியூலெக்ஸ் பூலில் 10,600 எழுத்து கான்டிக். கியூலெக்ஸ் ஃபிளேவிவைரஸுக்குச் சொந்தக்காரன் போலத் தெரிகிறது, ஆனால் அமினோ அமில ஒற்றுமை 72 சதவீதம்தான்.
இ) ஏடிஸ் பூலில் ஜீனோம் எல், எம், எஸ் என மூன்று துண்டாக இருக்கும் புன்யா வகை வைரஸின் எல் துண்டு மட்டும், 6,700 எழுத்து. எம், எஸ் துண்டுகளைக் காணோம்.

கியூலெக்ஸ் பூலின் சாற்றை சி6/36 என்ற ஏடிஸ் கொசு செல்லில் போட்டு 3 நாள் பார்த்தாயிற்று, எந்த மாற்றமும் இல்லை. வெரோ என்ற குரங்கு செல்லில் ஒரு பாசேஜ் (புது செல்லுக்கு மாற்றும் சுற்று), அதிலும் ஒன்றுமில்லை. இதை வைத்து "பூச்சிக்கே உரிய புதிய வைரஸ்" என்று எழுதலாமா? இல்லையென்றால் இன்னும் என்னென்ன செய்ய வேண்டும்?

---

இழைவாசகர்:

எழுத முடியாது. மூன்று கான்டிக்கும் மூன்று விதமான கேஸ், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

(அ) பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஏடிஸ் ஜீனோமுக்குள் ஃபிளேவிவைரஸ் துண்டுகள் குடியேறி இருப்பது 2004-லேயே தெரிந்த சேதி. ரேப்டோ (ரேபிஸ் சார்ந்த குடும்பம்) வகைத் துண்டுகளும் ஏராளம். இவற்றில் பல ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகின்றன. ஆகவே "ஆர்என்ஏ லைப்ரரியில் கிடைத்தது, எனவே வைரஸ்" என்ற வாதம் நிற்காது. நடுவில் ஸ்டாப் கோடான், என்எஸ்3-இல் ஒரு பகுதி மட்டும், மற்ற ஜீன்கள் சுத்தமாக இல்லை என்பதெல்லாம் ஜீனோமுக்குள் ஒட்டிய துண்டுக்கே உரிய அடையாளங்கள்.

சோதிக்கும் வழி: அதே பூலின் ட்ரைசால் (ஆர்என்ஏ பிரிக்கும் திரவம்) இடைப்படலத்தைத் தூக்கி எறியாதீர்கள், அதில் டிஎன்ஏ இருக்கிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்டி, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் நொதி) சேர்க்காமல் டிஎன்ஏ மீது பிசிஆர் போடுங்கள். பேண்டு வந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் அதுவே தீர்ப்பு ஆகாது. கொசுவின் சொந்த ரெட்ரோடிரான்ஸ்போசான் (ஜீனோமுக்குள் தன்னைப் படியெடுத்து இடம் மாறும் துண்டு) நொதிகள் உயிருள்ள ஆர்என்ஏ வைரஸையும் சில சமயம் டிஎன்ஏவாகப் படியெடுத்துவிடும். எனவே கான்டிக்கின் இரு ஓரங்களையும் பாருங்கள். ஜிப்சி வகை ரெட்ரோடிரான்ஸ்போசானுக்குள் ஓடுகிறதென்றால் அது கொசுவின் சொத்து. கான்டிக் ஓரம் வரை எட்டவில்லையென்றால் இன்வெர்ஸ் பிசிஆர் (தெரிந்த துண்டிலிருந்து வெளிநோக்கிப் பெருக்குவது).

இதைவிட நல்ல சாட்சி சிறு ஆர்என்ஏ. கொசுவில் பெருகும் வைரஸை டைசர்-2 என்ற நொதி வெட்டும். 21 எழுத்தில் கூரான உச்சி வரும், இரு இழைகளிலும் ஏறத்தாழச் சமமாக, வைரஸ் ஜீனோம் முழுக்கப் பரவியிருக்கும். ஜீனோமுக்குள் இருக்கும் துண்டிலிருந்து வருவது 24 முதல் 30 எழுத்து வரையான பைஆர்என்ஏ (இன்னொரு சிறு ஆர்என்ஏ வகை), பெரும்பாலும் எதிர் இழை, ஓரிரு இடங்களில் மட்டும் குவியல். இரண்டும் கலந்து வந்தால் கொசுவில் வைரஸும் துண்டும் சேர்ந்தே இருக்கலாம், ஏடிஸில் அது நடக்கக்கூடியதே.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. சாதாரண சிலிக்கா காலம் (ஆர்என்ஏவைப் பிடிக்கும் குழல்) 200 எழுத்துக்குக் கீழான ஆர்என்ஏவைக் கழுவி விட்டுவிடும், ஆகவே ட்ரைசால் அல்லது சிறு ஆர்என்ஏவைப் பிடிக்கும் காலம்தான். அடுத்து, இந்தச் சோதனையை சி6/36 செல்லில் செய்து "21 உச்சி இல்லை, வைரஸும் இல்லை" என்று முடிவு கட்டுவது. அந்த செல் லைனில் டைசர்-2 பழுது, 21 உச்சி வரவே வராது. கொசுவிலேயே செய்யுங்கள், இல்லாவிட்டால் டைசர்-2 ஒழுங்காக வேலை செய்யும் யு4.4 செல்லில்.

(ஆ) இது அநேகமாக நிஜம். 3,300-க்கு மேல் அமினோ அமிலம் உள்ள ஒரே திறந்த சட்டகம் (நிறுத்தக் குறி குறுக்கிடாத புரதப் பகுதி) உடையாமல் ஓடுகிறதா பாருங்கள். ரீடுகளைத் திரும்பக் கான்டிக் மீது பொருத்தி ஆழம் (ஒவ்வோர் இடத்திலும் படியும் ரீடு எண்ணிக்கை) சமமாக இருக்கிறதா பாருங்கள். ஓர் இடத்தில் ஆழம் பத்து மடங்கு தாவினால் இரு வேறு வைரஸ்களைக் கோக்கும் மென்பொருள் ஒட்டவைத்திருக்கலாம். அந்த இடத்தைத் தாண்டும் ஆர்டி-பிசிஆர் செய்து சாங்கர் வரிசை எடுங்கள். கூடுதல் அடையாளம் ஒன்று: பூச்சிக்கே உரிய ஃபிளேவிகளில் என்எஸ்2ஏ–2பி பகுதியில் ரைபோசோம் ஓர் எழுத்து பின்வாங்கிப் படிக்கும் ஃபிஃபோ என்ற மேற்படியும் சட்டகம் உண்டு, ஏறத்தாழ 250 முதல் 300 கோடான். உங்கள் கான்டிக்கிலும் அது இருந்தால் மரபில் அந்தக் குடும்பம்தான்.

(இ) எல் துண்டில் பாலிமரேஸ் இருப்பதால் ஒப்பீட்டில் சிக்குகிறது. கிளைகோபுரதமும் நியூக்ளியோபுரதமும் அவ்வளவு விலகிப் போயிருக்கும், ஒப்பீட்டு மென்பொருளுக்குத் தெரியாது. அடையாளம் கிடைக்காத கான்டிக் குப்பையில்தான் அவை இருக்கும். எல்லாப் பூல்களையும் வரிசைப்படுத்தி, எல் துண்டு இருக்கும் பூல்களில் மட்டும் தென்படும், ஆழமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் கான்டிக்குகளைத் தேடுங்கள். பிறகு முனைகள்: ஒரே வைரஸின் துண்டுகள் எல்லாவற்றிலும் கடைசி 8–10 எழுத்துகள் ஒன்றே, இரு முனைகளும் ஒன்றுக்கொன்று ஈடு. "ஃபாசி சரோன் போன்ற வைரஸ்" என்ற பெயருள்ள ஏடிஸ் புன்யாவோடு ஒப்பிட்டால் எம் ஏறத்தாழ 4,000, எஸ் 1,400 எழுத்து அளவில் எதிர்பார்க்கலாம்.

கிட் விஷயம்: மனிதன்/எலிக்கான துணுக்குகள் கொசுவின் ரைபோசோம் ஆர்என்ஏவில் சரியாக ஒட்டாது. கொசுவின் 18எஸ், 28எஸ் வரிசைக்கென்று டிஎன்ஏ துணுக்குகள் செய்து ஆர்என்ஏஸ் எச் (டிஎன்ஏவோடு ஒட்டிய ஆர்என்ஏவை வெட்டும் நொதி) முறையில் கழியுங்கள். பாலி-ஏ பிடிப்பு மட்டும் வேண்டாம். பாலி-ஏ வால் உள்ள நெகேவைரஸ், மெசோனிவைரஸ் போன்ற பூச்சி வைரஸ்கள் வந்துவிடும், பாலி-ஏ வால் இல்லாத ஃபிளேவி நழுவிவிடும்.

இன்னொன்று. ஒரே ஓட்டத்தில் பக்கத்துப் பூலில் லட்சக்கணக்கில் இருக்கும் வைரஸ், உங்கள் பூலில் நூறு ரீடு மட்டும் காட்டினால் நம்பாதீர்கள், இன்டெக்ஸ் (பூலுக்குப் பூல் ஒட்டும் அடையாள வரிசை) தாவியிருக்கும். அதிகபட்ச லைப்ரரியின் 0.1 சதவீதத்துக்குக் கீழ் இருப்பதை ஒதுக்குவது பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம். கொசு போடாத வெற்று மாதிரி ஒன்றையும் ஆர்என்ஏ எடுப்பதிலிருந்தே கூட நடத்துங்கள்.

---

குடுவைக்காரி:

வளர்ப்புப் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன். 3 நாள் போதவே போதாது. அதோடு கண்ணால் பார்த்து முடிவு செய்ததுதான் பெரிய தவறு.

சாறு: 25 கொசுவுக்கு 1 மி.லி. மீடியம், பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், ஆம்போடெரிசின் பி சேர்த்தது. 3 மி.மீ. எஃகு மணி, 25 ஹெர்ட்ஸில் 2 நிமிடம், குழாயைப் பனியில் வைத்துவிட்டு மறுபடி 2 நிமிடம். 4 டிகிரியில் 10,000 ஜி, 10 நிமிடம். மேல்திரவத்தை இன்னொரு முறை சுழற்றிவிட்டு 0.45, பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டி. நேராக 0.22-க்குப் போனால் இரண்டாவது பூலிலேயே அடைத்துக்கொள்ளும், அடைத்த வடிகட்டி வைரஸையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செல்: சி6/36, 28 டிகிரி, 25 ச.செ.மீ. ஃபிளாஸ்க், 70–80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். எல்-15 மீடியமென்றால் கார்பன் டை ஆக்சைடு தேவையில்லை, மூடியை இறுக்கிவிடலாம். சாறு 200 மைக்ரோலிட்டர், ஒரு மணி நேரம் மெல்ல அசைத்து, கழுவி, 2 சதவீத சீரம் உள்ள மீடியம். 7 நாள். மேல்திரவத்தில் பத்தில் ஒரு பங்கை அடுத்த ஃபிளாஸ்குக்கு. இப்படிக் குறைந்தது 3 பாசேஜ், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும்.

சாற்றை அப்படியே ஒன்று, 1:10 நீர்த்து ஒன்று, இரண்டும் போடுங்கள். கொசுச் சாறே செல்லுக்கு விஷம். 24 மணிக்குள் செல்கள் சுருண்டு மிதந்தால் அது வைரஸ் வேலை இல்லை, இரண்டாம் பாசேஜில் மறைந்துவிடும். பாசேஜுக்குப் பாசேஜ் சேதம் கூடினால்தான் கணக்கு.

கியூலெக்ஸ் ஃபிளேவி வகையில் சேதம் லேசாகவோ அறவே இல்லாமலோ இருக்கலாம். எனவே 0, 2, 4, 7-ஆம் நாள் மேல்திரவத்தில் ஆர்டி-கியூபிசிஆர். கூடவே நெகடிவ் இழையைத் தேடுங்கள்: பாசிடிவ் இழை வைரஸ் பெருகும்போதுதான் அது உருவாகும். ஆர்டி ப்ரைமரின் 5' முனையில் வைரஸிலும் கொசுவிலும் இல்லாத 18–20 எழுத்து ஒட்டுவால் சேர்த்து, பிசிஆரில் அந்த ஒட்டுவாலைக் கொண்டே பெருக்க வேண்டும். வால் இல்லாத ப்ரைமர் வைத்தால் ஆர்என்ஏ தன்மேலேயே மடிந்து ஆர்டியைத் தொடங்கிவிடும், எல்லா மாதிரியும் "நெகடிவ் இழை உண்டு" என்று சொல்லும். ப்ரைமரே போடாத ஆர்டி ஒன்று கட்டாயம்.

வரிசை எதுவும் தெரியாத நிலையில் தேடுகிறவர்களுக்கு இரட்டை இழை ஆர்என்ஏவைப் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி உதவும். செல்லை நிலைப்படுத்தி எலைசா மாதிரி படித்துவிடலாம். ஆனால் புன்யா, ரேப்டோ போன்ற நெகடிவ் இழை வைரஸ்கள் அதில் பெரும்பாலும் தப்பிவிடும். உங்கள் (இ)-க்கு அந்த வழி வேண்டாம்.

செல் லைனே கறைபட்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். செல் ஃப்யூசிங் ஏஜென்ட் வைரஸ் 1975-ல் முதலில் தெரியவந்ததே ஏடிஸ் எஜிப்டி செல் லைனிலிருந்துதான். காட்டுக் கொசுவில் அதைப் பிரித்தெடுத்த சேதி 2006-ல் தான் வந்தது. ஏஏஜி2 என்ற ஏடிஸ் எஜிப்டி செல்லில் அதுவும் ஃபாசி சரோன் போன்ற வைரஸும் நிரந்தரமாகக் குடியிருக்கும். (இ)-ஐ அந்த செல்லில் "வளர்த்தால்" என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சி6/36 இருப்புகள் சிலவற்றில் டென்சோவைரஸ் உண்டு. சாறு போடாத ஃபிளாஸ்கையும் அதே நாள்களில் பாசேஜ் செய்து, அதையும் வரிசைப்படுத்துங்கள். மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பைக் கெடுக்கும் பாக்டீரியா) பிசிஆரும்.

இரு வைரஸ் ஒரே பூலில் இருந்தால்: நெகேவைரஸ் ஒன்று இரண்டு நாளில் செல்லை வாரி எடுத்துவிடும், மெதுவாக வளரும் ஃபிளேவி அடியோடு காணாமல் போகும். 96 குழித் தட்டில் பத்தின் அடுக்குகளாக நீர்த்து, கடைசியாக வளர்ச்சி தெரிந்த குழிகளை எடுத்து, மூன்று முறை திரும்பச் செய்தால் பிரியும். இரண்டும் ஒன்று போலவே உயர்ந்த அளவில் இருந்தால் கைகூடாது, வேறு பூலைத் தேடுவதுதான் வேகம்.

கியூலெக்ஸ் வைரஸ் ஏடிஸ் செல்லில் வளராமல் போகவும் வாய்ப்புண்டு. கியூலெக்ஸ் செல் லைன் கிடைத்தால் இணையாகப் போடுங்கள்.

---

பூல்12:

தெளிவாயிற்று. இரண்டு துணைக் கேள்விகள். வெரோவில் வளரவில்லை என்பதை எப்படி முறையாகக் காட்டுவது? இன்னொன்று, (ஆ)-க்கு ப்ரைமர் செய்து பார்த்ததில் 12 கியூலெக்ஸ் பூலும் பாசிடிவ். தொற்று விகிதம் எப்படிச் சொல்வது?

---

எல்லைக்கோடு:

விகிதம் சுருக்கமாக: இந்தத் தரவில் சொல்ல முடியாது. குறைந்தபட்ச விகிதம் என்றால் 300 கொசுவில் 12, ஆயிரத்துக்கு 40. அது வெறும் கீழ் எல்லை. எல்லாப் பூலும் பாசிடிவ் என்றால் அதிகபட்ச சாத்திய முறையும் விடை தராது. 10 சதவீதம் கொசுவில் மட்டும் வைரஸ் இருந்தாலே 25 கொசு பூல் நெகடிவ் ஆக வாய்ப்பு 0.9-இன் 25-ஆம் அடுக்கு, அதாவது 7 சதவீதம். அப்போதே 12 பூலும் பாசிடிவ் ஆக 41 சதவீத வாய்ப்பு. ஆர்போவைரஸ் (கொசு வழி முதுகெலும்பிக்குப் பரவுவது) ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்பதற்காக வந்த பூல் அளவு இது, பூச்சிக்கே உரிய வைரஸுக்குப் பொருந்தாது. 50–60 கொசுக்களைத் தனித்தனியே சோதியுங்கள். அதில் ஆண் கொசுக்களையும் சேருங்கள். ஆண் கொசு இரத்தம் குடிக்காது, எனவே அதில் வைரஸ் இருந்தால் முதுகெலும்பி இரத்தத்திலிருந்து வந்தது என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தாய்வழிக் கடத்தலுக்குக் காட்டிலிருந்து லார்வா எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, வெளிவரும் கொசுக்களைச் சோதிக்கலாம். கென்யாவின் கமிட்டி ரிவர் வைரஸ் லார்வா, பியூப்பாவாகச் சேகரித்த ஏடிஸ் மேகின்டோஷியிலிருந்துதான் கிடைத்தது. முட்டைக்குள் போகிறதா, ஓட்டின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று பிரிக்க, முட்டைத் தொகுதியில் பாதியை நீர்த்த ப்ளீச்சில் கழுவி, மறு பாதியைக் கழுவாமல் பொரிய விட்டு ஒப்பிட வேண்டும்.

இப்போது வெரோ. ஒரு செல், ஒரு வெப்பநிலை, ஒரு பாசேஜ், கண்ணால் பார்வை: நான்கும் குறை. செய்ய வேண்டியது இது. சி6/36-இல் வளர்த்த டைட்டர் (வைரஸ் செறிவு) தெரிந்த வைரஸை செல்லுக்கு 10 தொற்றுத்துகள் என்ற கணக்கில் போடுங்கள். கொசுச் சாற்றையே போட்டு வளரவில்லை என்றால் வைரஸ் போதவில்லையா, செல் ஏற்கவில்லையா என்று தெரியாது. குறைந்தது வெரோ, பிஎச்கே-21 என்ற ஹாம்ஸ்டர் செல், ஒரு மனித செல், டிஎஃப்-1 என்ற கோழி செல். கியூலெக்ஸ் இனங்கள் பல பறவையைக் கடிப்பவை என்பதால் கோழி செல்லை விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மூன்று முறை கழுவி, 2-ஆம் மணி, 7-ஆம் நாள் மாதிரி. 5 பாசேஜ், ஒவ்வொன்றும் 1:10.

எண்ணைப் படிக்கும் விதம்: பத்து மடங்கு நீர்ப்புக்கு சிடி (வைரஸ் தென்படும் பிசிஆர் சுற்று எண்) 3.3 கூடும். பாசேஜுக்கு பாசேஜ் 3.3 அல்லது அதற்கு மேல் கூடிக்கொண்டே போனால் முதலில் ஊற்றியதுதான் நீர்த்துப் போகிறது. இரண்டு பாசேஜ் சிடி அப்படியே நின்றால் எங்கோ மெதுவாகப் பெருகுகிறது, அப்போது "பூச்சிக்கே உரியது" என்ற சொல்லை நிறுத்தி வையுங்கள். முதல் பாசேஜில் பாசிடிவ் வருவது சகஜம், பதற வேண்டாம். முதுகெலும்பி செல்லிலும் வளரும் என்று ஏற்கனவே தெரிந்த வைரஸ் ஒன்றைக் கட்டுப்பாடாக வையுங்கள், இல்லாவிட்டால் செல்லே சோர்ந்திருந்தது என்று யாராவது சொல்லலாம்.

வெப்பநிலையும் முக்கியம். 37 டிகிரியில் வளராததற்குக் காரணம் செல் இல்லாமல் வெப்பமாகவே இருக்கலாம். முதுகெலும்பி செல்களை 37, 34, 32, 30 டிகிரியில் வைத்தும், சி6/36-ஐ 28-இலிருந்து மேலே ஏற்றியும் இரு பக்கமும் பாருங்கள். கொசு செல்லிலேயே 32-க்கு மேல் நின்றுவிடும் வைரஸும் உண்டு.

தடை எந்தப் படியில் என்று கேட்பார்கள். வைரஸ் ஆர்என்ஏவை எலக்ட்ரோபொரேஷனில் (மின்துடிப்பால் செல்லில் துளையிடும் முறை) நேராகச் செல்லுக்குள் செலுத்தி, வாயிற்படியைத் தாண்டிவிட்டுப் பாருங்கள். ஈலாட் வைரஸில் இதைச் செய்தபோது முதுகெலும்பி செல்லுக்குள்ளும் ஆர்என்ஏ பெருகவில்லை. நுழைவிலும் தடை, பெருக்கத்திலும் தடை. 1980-களில் நெகேவ் பாலைவனத்தின் அனாஃபிலிஸ் கௌஸ்டானி கொசுக்களில் கிடைத்த ஆல்ஃபாவைரஸ் அது, முழு விவரிப்பு 2012-ல் வந்தது.

மரவரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் (ஆ) பழைய பூச்சி ஃபிளேவிக் கிளையில் விழுந்தால் எதிர்பார்ப்பு பொருந்துகிறது, அவ்வளவுதான். நுமிரிம் வைரஸ் போன்றவை கொசுவழி நோய்க் கிருமிகளின் நடுவே உட்கார்ந்துகொண்டு முதுகெலும்பி செல்லில் வளர மறுக்கின்றன. சிஜி இரட்டை எழுத்தின் விகிதம் ஒரு குறிப்பு தரும். முதுகெலும்பியிலும் வாழும் ஃபிளேவிகளில் அது அடங்கியிருக்கும், பூச்சிக்கே உரியவற்றில் அவ்வளவு அடங்காது.

---

இழைவாசகர்:

குடுவைக்காரி சொன்ன வடிகட்டலை வளர்ப்புக்கு மட்டும் வையுங்கள், லைப்ரரிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. வடிகட்டி, நியூக்ளியேஸ் போட்டு துகள்களை மட்டும் வரிசைப்படுத்தினால் வைரஸ் விகிதம் ஏறும், உண்மை. ஆனால் செல்லுக்குள் இருக்கும் பெருக்க வடிவங்களும், புரதக் கூடே இல்லாத நார்னா வகை வைரஸ்களும் போய்விடும். பூலுக்கு பூல் அளவை ஒப்பிடவும் முடியாது.

முனைகள் பற்றி யாரும் சொல்லவில்லை. 10,600 முழு ஜீனோம் இல்லை, கியூலெக்ஸ் ஃபிளேவி 10,800-க்கு மேல். 3' முனைக்கு பாலி-ஏ பாலிமரேஸால் வால் சேர்த்து ரேஸ் (முனை வரிசையைப் பிடிக்கும் பிசிஆர் முறை) செய்யுங்கள். கடைசி எழுத்தே ஏ ஆக இருந்தால் எது வைரஸுடையது, எது சேர்த்த வால் என்று தெரியாது, ஆகவே அடாப்டர் ஒட்டும் முறையில் மறுபடி ஒரு முறை. முனையில் வலுவான ஊசிமடிப்பு இருப்பதால் 42 டிகிரியில் ஆர்டி பாதியில் நின்றுவிடும். 65 டிகிரியில் 5 நிமிடம் பிரித்துவிட்டு, வெப்பம் தாங்கும் நொதியோடு 50–55 டிகிரியில் நடத்துங்கள். குறைந்தது 8–10 குளோன் படியுங்கள், நீளமானதை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் பெரும்பான்மை எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

---

குடுவைக்காரி:

லைப்ரரி விஷயத்தில் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு: பெரிய ஃபிளாஸ்க் 8–10 வேண்டும், 2 சதவீத சீரத்துக்கு மேல் போகாதீர்கள், சீரப் புரதம் கட்டியாக வந்து படத்தைக் கெடுக்கும். 8 சதவீத பிஇஜி 8000, 0.4 மோலார் உப்பு, 4 டிகிரியில் இரவு முழுக்க. 10,000 ஜி, 45 நிமிடம். வண்டலைக் கரைத்து 20 சதவீத சர்க்கரைக் கரைசல் மெத்தை மேல் 1,00,000 ஜி, 2 மணி நேரம். ஃபிளேவி 40–50 நானோமீட்டர் உருண்டை. 60–80 நானோமீட்டரில் உருண்டைகள் தெரிந்தால் வேறெதோ கூட வந்திருக்கிறது, மெசோனிவைரஸா என்று பாருங்கள். சாறு போடாத ஃபிளாஸ்கின் வண்டலையும் அதே நாளில் பாருங்கள், செல் விடும் குமிழிகளும் அந்த அளவில்தான் இருக்கும்.

(இ) உறுதியானால் அதை டெங்கு தொற்றோடு சேர்த்துப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பூச்சிக்கே உரிய வைரஸ் என்றால் டெங்குவைத் தடுக்கும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பாம் க்ரீக் வைரஸ் செல்லில் வெஸ்ட் நைலை அடக்கியது சரி. ஆனால் ஏடிஸ் எஜிப்டியில் ஃபாசி சரோன் போன்ற வைரஸும் ஹுமைட்டா-டுபியகங்கா வைரஸும் இருந்தால் டெங்கு, ஜிகா பரவல் கூடுவதாக 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது.

---

பூல்12:

குறித்துக்கொண்டேன். (அ)-வின் ட்ரைசால் இடைப்படலம் இன்னும் மைனஸ் 80-ல் இருக்கிறது, டிஎன்ஏ பிசிஆரை முதலில் முடிக்கிறேன். 60 தனிக் கொசு, அதில் 20 ஆண். சி6/36-ஐ சாறு போடாத ஃபிளாஸ்கோடு மறுபடி தொடங்குகிறேன்.